இட்லிப் பானையின் கண்ணுக்குத் தெரியாத கவசம்

பத்தாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். "இரும்பு, அலுமினியம் இவற்றுள் வினைத்திறன் மிக்கது எது? காரணம் கூறுக" என்பது ஒரு கேள்வி. ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "இரும்பு. ஏனெனில் இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் துருப்பிடிக்காது." சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

தாள்களைக் கொடுத்த மறுநாள் அவள் தன் குறிப்பேட்டோடு வந்து நின்றாள். "சார், நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்" என்றாள். பார்த்தேன். இரண்டு மாதங்களுக்கு முன் நான் சொல்லி எழுத வைத்த வரி அங்கே இருந்தது: "அலுமினியம் காற்றுடன் வினைபுரியாது. எனவே பாத்திரங்கள் செய்யப் பயன்படுகிறது." நான்கு பக்கம் தள்ளி வினைத்திறன் வரிசை. அதில் அலுமினியம், துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் மேலே இருந்தது. அதுவும் நான் எழுதிப் போட்டதுதான்.

இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. அவள் யோசித்து, முதல் வரியை நம்பியிருக்கிறாள். மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுப்பது எளிதாக இருந்தது. வகுப்பில் நாற்பது பேர் எழுதிக்கொண்ட அந்த வரியைத் திருத்துவது அவ்வளவு எளிதாக இல்லை. அதற்காக நான் படித்ததையும் வகுப்பில் செய்துபார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வினைபுரிவதால்தான் நிலைக்கிறது

அலுமினியத் துண்டு ஒன்றை வெட்டினால், வெட்டிய முகம் காற்றைத் தொட்ட அந்தக் கணமே ஆக்சிஜனோடு சேரத் தொடங்கிவிடுகிறது. இரண்டு அலுமினிய அணுக்களுக்கு மூன்று ஆக்சிஜன் அணுக்கள் என்ற விகிதத்தில் அலுமினியம் ஆக்சைடு உருவாகிறது. அலுமினா என்பதும் இதுவே. உருவாகும் படலத்தின் தடிமன் சில நானோமீட்டர்கள் மட்டுமே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். அதனால் படலம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாம் பார்ப்பது அதன் வழியே மின்னும் உலோகத்தை.

இதை விளக்கியபோது அதே மாணவி கேட்டாள்: "அப்போ இரும்புத் துரு மட்டும் ஏன் சார் இரும்பைக் காப்பாத்தல?" நல்ல கேள்வி. ஓர் உலோகம் ஆக்சைடாக மாறும்போது அதன் கன அளவும் மாறும். அலுமினியம் ஆக்சைடு, தான் உருவான உலோகத்தைவிடச் சுமார் 1.3 மடங்கு இடம்தான் எடுத்துக்கொள்கிறது. எனவே மேற்பரப்பை இடைவெளியின்றி மூடி இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் உள்ளே நுழைய வழியில்லை, வினை நின்றுவிடுகிறது. இரும்புத் துரு நீரையும் சேர்த்துக்கொண்டு பல மடங்கு பருக்கிறது. அது பொரிந்து உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு காற்றுக்கும் ஈரத்துக்கும் அகப்படுகிறது.

ஆக, அலுமினியம் வினைபுரியாத உலோகம் அன்று. மிக விரைவாக வினைபுரிந்து, அந்த வினையின் விளைபொருளையே கவசமாகப் போர்த்திக்கொள்ளும் உலோகம்.

மயில்துத்தமும் கைப்பிடி உப்பும்

சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். நமது ஆய்வகங்களில் இருக்கும் பொருள்களே போதும். இரண்டு கண்ணாடி முகவைகளில் மயில்துத்தக் கரைசலை, அதாவது காப்பர் சல்பேட் கரைசலை, பாதியளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி சமையல் உப்பைக் கரையுங்கள். உணவு பொதியும் அலுமினியத் தாளில் ஒரே அளவான இரண்டு துண்டுகளை வெட்டி, முகவைக்கு ஒன்றாகப் போடுங்கள்.

உப்பில்லாத முகவையில் சில நிமிடங்கள் கழித்தும் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இராது. உப்பிட்ட முகவையில் சற்று நேரத்தில் குமிழ்கள் எழும். முகவை சூடாகும். தாள் கிழிந்து சிதைய, செம்பழுப்பு நிறத் தாமிரம் அடியில் படியும். அலுமினியம் தாமிரத்தை இடப்பெயர்ச்சி செய்யும் வினைதான் இது. வினைத்திறன் வரிசைப்படி இரண்டு முகவைகளிலும் நடந்திருக்க வேண்டும். ஒன்றில் அதைத் தடுத்தது ஆக்சைடு படலம். மற்றொன்றில் உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தைத் துளைத்து வழி திறந்துவிட்டன.

இந்தச் சோதனையைப் பார்த்த ஒரு மாணவன், "எங்க வீட்டுக் குண்டான்ல ஊசிமுனை மாதிரி ஓட்டை விழுந்தது இதனாலதானா சார்? உப்பும் புளியும் கரைச்சு ராத்திரி முழுக்க அதுலயே வெச்சிருப்பாங்க" என்றான். பாடநூலைத் தாண்டி அவன் கண்ட விடை அது.

பாதுகாப்பு பற்றிச் சில வார்த்தைகள். மயில்துத்தம் நச்சுத்தன்மை உடையது. கண்ணாடிக் கவசம் அணிந்து, சிறிய அளவில், ஆசிரியரே செய்து காட்டுவது நல்லது. முடிந்ததும் கைகளைக் கழுவச் செய்யுங்கள். பாதரசத்தைத் தடவி அலுமினியத்தை அரிக்கச் செய்யும் காணொளிகளை மாணவர்கள் பார்த்திருக்கக்கூடும். பாதரச ஆவி நஞ்சு. அதைப் பள்ளியில் ஒருபோதும் செய்ய வேண்டாம்.

சமையலறையில் ஓர் ஈரியல்பு ஆக்சைடு

அலுமினியம் ஆக்சைடு அமிலத்தோடும் வினைபுரியும், காரத்தோடும் வினைபுரியும். அதனால் அதை ஈரியல்பு ஆக்சைடு என்கிறோம். மாணவர்கள் மனப்பாடம் செய்து மறந்துவிடும் சொல் இது. ஆனால் அவர்கள் வீட்டில் இதற்குச் சான்று உண்டு.

இட்லிப் பானைத் தண்ணீரில் சிறிது புளியோ எலுமிச்சைத் தோலோ போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் "பானை கறுக்காது" என்பார்கள். சற்றே காரத்தன்மையுள்ள கடின நீர் கொதிக்கும்போது மேற்பரப்பின் ஆக்சைடு படலம் தடித்து நிறம் மாறுகிறது. புளியின் அமிலம் அதைக் கரைத்து நீக்கிவிடுகிறது. மறுபக்கம், சலவைச் சோடா போட்டுத் தேய்த்தால் அலுமினியப் பாத்திரம் மங்கிக் கறுக்கிறது. அங்கே படலத்தைத் தாக்குவது காரம். ஒரே பாத்திரத்தில் இரண்டு இயல்புகளையும் காட்டிவிடலாம்.

மலையுச்சியிலிருந்து மேட்டூர் வரை

காரத்தில் கரையும் இந்த இயல்பின் மீதுதான் உலகின் அலுமினியத் தொழில் நிற்கிறது.

வெப்பமும் மழையும் மிகுந்த இடங்களில் பாறைகள் நெடுங்காலம் சிதைவுறும்போது சிலிக்காவும் பிற பொருள்களும் நீரில் கரைந்து வெளியேறுகின்றன. எளிதில் கரையாத அலுமினியச் சேர்மங்களும் இரும்பு ஆக்சைடும் அங்கேயே தங்குகின்றன. அதுவே பாக்சைட். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் சார்னோகைட் பாறைகளிலிருந்து இவ்வாறு பாக்சைட் உருவாகியுள்ளது. அங்கே வெட்டியெடுத்த பாக்சைட் 1960-களில் உருவான மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. இன்று ஒடிசாவின் பஞ்ச்பட்மாலி மலையும், அதன் அருகிலுள்ள தாமன்ஜோடி அலுமினா ஆலையும் நாட்டின் பெரிய மையங்களுள் அடங்கும்.

1880-களின் இறுதியில் கார்ல் யோசப் பேயர் கண்ட முறையில், பொடித்த பாக்சைட்டைச் சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அழுத்தத்தில் வைக்கிறார்கள். அலுமினியச் சேர்மம் கரைகிறது. இரும்பு ஆக்சைடு கரையாமல் சிவப்புச் சேறாகத் தங்கிவிடுகிறது. தெளிந்த கரைசலைக் குளிரவைத்து அலுமினியம் ஹைட்ராக்சைடைப் படியச் செய்து, 1000 டிகிரி செல்சியஸ் அளவில் வறுத்தால் வெண்ணிறத் தூளாக அலுமினா கிடைக்கிறது. பாத்திரத்தைச் சலவைச் சோடா கெடுப்பதும், பாக்சைட்டிலிருந்து அலுமினாவைக் காரம் பிரிப்பதும் ஒரே இயல்பின் இரண்டு முகங்கள்.

அந்த அலுமினாவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிப்பதுதான் கடினம். இரும்புத் தாதுவைக் கரியோடு சேர்த்து உலையிலிட்டால் இரும்பு கிடைக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அலுமினியத்தை மனிதர் முதன்முதலில் பிரித்தது 1825-இல்தான். அலுமினா உருகவே 2072 டிகிரி வேண்டும். 1886-இல் அமெரிக்காவின் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சின் பால் எரூவும் தனித்தனியே ஒரு வழி கண்டார்கள். உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்தால் சுமார் 950 டிகிரியிலேயே மின்னாற்பகுப்பு செய்யலாம். இன்றும் ஒரு கிலோ அலுமினியத்துக்கு 13 முதல் 15 யூனிட் மின்சாரம் ஆகிறது.

இந்தக் கணக்கே என் மாணவிக்கான விடை. ஆக்சிஜனை இவ்வளவு இறுகப் பிடித்திருப்பதுதான் வினைத்திறன். இன்னொரு சான்று ரயில் பாதையில் இருக்கிறது. தண்டவாளங்களை இணைக்க அலுமினியத் தூளையும் இரும்பு ஆக்சைடையும் கலந்து பற்றவைக்கும் தெர்மிட் முறை உண்டு. இரும்பிடமிருந்து ஆக்சிஜனை அலுமினியம் பறித்துக்கொள்ள, உருகிய இரும்பு கீழே இறங்கித் தண்டவாளங்களை இணைக்கிறது. மேலே கசடாக மிதப்பது அலுமினியம் ஆக்சைடு.

குருந்தம்: தமிழ் தந்த சொல்

உற்பத்தியாகும் அலுமினாவில் பெரும்பகுதி உலோகமாகிறது. மீதி, ஆக்சைடாகவே தொழிலுக்குப் போகிறது. அதன் முதல் சிறப்பு கடினம். அலுமினியம் ஆக்சைடின் இயற்கைப் படிகம் குருந்தம். மோவின் கடின அளவுகோலில் அதன் எண் 9, வைரம் 10. உலகெங்கும் கனிமவியலார் இதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் நமது 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து சென்றது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் பாறைகளில் குருந்தம் காணப்படுகிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வரிசை மாணவர்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

தச்சர் தேய்க்கும் உப்புத்தாளிலும், பட்டறையின் சாணைச் சக்கரத்திலும் பெரும்பாலும் செயற்கைக் குருந்தத் துகள்களே இருக்கின்றன. குருந்தத்தில் சிறிதளவு குரோமியம் சேர்ந்தால் மாணிக்கம்; இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலக்கல். 1960-இல் தியோடர் மைமன் இயக்கிக் காட்டிய முதல் லேசர் கருவியின் உள்ளே இருந்தது செயற்கை மாணிக்கத் தண்டு.

இரண்டாவது சிறப்பு, வெப்பத்தைத் தாங்குவதும் மின்சாரத்தைக் கடத்தாததும். இருசக்கர வாகனத்தின் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாகத் தெரியும் பகுதி அலுமினா பீங்கான். உலைகளின் உட்சுவர்ச் செங்கற்களிலும் அலுமினா உண்டு. உடலோடு வினைபுரியாததால் செயற்கை இடுப்பு மூட்டுகளிலும் இடம்பெறுகிறது.

மூன்றாவது, நுண்துளைகள் நிறைந்த வடிவம். செயலூட்டப்பட்ட அலுமினா எனப்படும் இது, நீரிலுள்ள ஃபுளூரைடைத் தன்மேல் ஈர்த்து வைத்துக்கொள்ளும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆசிரியர்கள், பற்களில் பழுப்புக் கறை படிந்த குழந்தைகளைப் பார்த்திருப்பார்கள். நிலத்தடி நீரின் மிகை ஃபுளூரைடு அதற்குக் காரணம். அதை நீக்கும் வடிகட்டிகளில் இந்த அலுமினா பயன்படுகிறது.

நான்காவது, கவசத்தைத் தடிமனாக்குவது. அலுமினியத்தை நேர்மின்முனையாக வைத்து அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால், இயற்கைப் படலத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தடித்த படலம் வளரும். இது ஆனோடாக்கல். சன்னல் சட்டங்களும் கடினமாக்கப்பட்ட கரும்பழுப்பு வாணலிகளும் இப்படித்தான் உருவாகின்றன.

மறைக்கக் கூடாத மறுபக்கம்

பயன்களை மட்டும் பட்டியலிட்டால் பாடம் முழுமையாகாது. பேயர் முறையில் ஒரு டன் அலுமினாவுக்கு ஒரு டன்னுக்குக் குறையாத அளவில் சிவப்புச் சேறு சேர்கிறது. அதில் காரம் மிகுதி. 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்க்கா நகருக்கு அருகே இத்தகைய சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து ஊர்களுக்குள் பாய்ந்ததில் பத்துப் பேர் இறந்தார்கள். பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்த, புதிதாக எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 விழுக்காடே போதும். நசுங்கிய குண்டானைப் பழைய பாத்திரக்காரரிடம் போடுவது எவ்வளவு அறிவியலானது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

வகுப்பறைக்கு

தொடக்க வகுப்புகளில் ஓர் இரும்பு ஆணியையும் ஓர் அலுமினியக் கம்பியையும் ஈரத் துணியில் ஒரு வாரம் வைத்து, குழந்தைகளே பார்த்துச் சொல்லட்டும். "எது மாறியது?" என்று மட்டும் கேட்போம். "அலுமினியம் மாறவே மாறாது" என்று நாம் முடித்துவைக்க வேண்டாம். நடுநிலை வகுப்புகளில் வீட்டுப் பாத்திரங்களைப் பற்றி அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டு எழுதி வரச் சொல்லலாம். உயர்நிலை வகுப்புகளில் மயில்துத்தச் சோதனையை விளக்கத்துக்கு முன்பே காட்டிவிடுங்கள். கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும்.

அந்த ஆண்டு வகுப்பு முழுவதையும் குறிப்பேட்டில் பழைய வரியை அடிக்கச் சொன்னேன். அதன் கீழே எழுத வைத்தது இது: "அலுமினியம் காற்றுடன் மிக விரைவாக வினைபுரிகிறது. அதனால் உருவாகும் ஆக்சைடு படலமே அதை அரிமானத்திலிருந்து காக்கிறது." மாணவர்கள் அடித்த அந்த வரி என் பாடக்குறிப்பிலும் பல ஆண்டுகளாக இருந்தது. அன்று மாலை அதையும் சிவப்பு மையால் அடித்தேன்.