50 குதிரை போதுமா? பழைய கேம்பர் வேனுக்கு மாற்று டீசல் இன்ஜின் தேடும்போது

வேன் லைஃப் ரீல்ஸ் பார்க்காதவங்க இங்க ரொம்பக் கம்மியாத்தான் இருப்பீங்க. பின்கதவு திறந்திருக்கும், எதிர்ல ஒரு ஏரி, கையில ஒரு காபி. அதுல அடிக்கடி வர்ற அந்த சதுர மூஞ்சி வண்டிதான் ஃபோக்ஸ்வாகன் டி3. 1979-ல் வந்த மாடல். ரீல்ஸ்ல காட்டாத விஷயம் என்னன்னா, இந்த வண்டிகளுக்கு இப்போ நாற்பது வயசை ஒட்டி ஆகுது. ஜெர்மனியில் பழைய டீசல் டி3 வாங்குறவங்க முன்னாடி ஒருநாள் இந்தக் கேள்வி வந்து நிக்கும்: இன்ஜின் போயிடுச்சு, இனி எதை வைக்கிறது?

பதிலை முதல்லயே சொல்லிடறேன். பவர் எவ்வளவுன்னு பார்க்கிறது கடைசி வேலை. வண்டியோட மத்த பாகங்கள் எதைத் தாங்கும், வழியில் நின்னா யாரால் சரிபண்ண முடியும், இதுதான் முதல் வேலை.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு

டி3-க்கு 1981-ல் வந்த முதல் டீசல் இன்ஜின் 1.6 லிட்டர், 50 குதிரைத்திறன். கோல்ஃப் காருக்காகச் செஞ்ச இன்ஜின் குடும்பம் அது. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, நாலு பேர் எல்லாம் ஏறின கேம்பர் 2,200 கிலோ இருக்குன்னு வைங்க. 6 சதவீத ஏற்றம், அதாவது 100 மீட்டர் ஓடினா 6 மீட்டர் உயரம். அந்த எடையை 80 கி.மீ. வேகத்தில் மேலே தூக்கறதுக்கு மட்டுமே சுமார் 39 குதிரை வேணும். காத்தைத் தள்ள, டயர் உருள இன்னொரு 20. வழியில் கியர்பாக்ஸும் கொஞ்சம் தின்னுடும். ஆக மொத்தம் இன்ஜின் 65 குதிரைக்கு மேல் தரணும்.

50 குதிரை இன்ஜின் அதே ஏற்றத்தில், முழு மூச்சைப் பிடிச்சாலும், 60-65 கி.மீ.-லயே நின்னுடும். பின்னாடி லாரிக்காரர் லைட் அடிச்சுக்கிட்டே வருவார். 75 குதிரை இருந்தா ஏறக்குறைய 85-88. 90 இருந்தா 100-ஐத் தொடலாம். இதுல கவனிங்க: 50-லிருந்து 75-க்குப் போறப்போ கிடைக்கிற நிம்மதி பெருசு. அதுக்கு மேல ஏத்துற ஒவ்வொரு குதிரைக்கும் பலன் குறையுது, செலவு கூடுது.

சாஞ்சு படுத்திருக்கிற இன்ஜின்

டி3-ல் இன்ஜின் பின்னாடி, படுக்கைக்குக் கீழே இருக்கு. அந்த இடம் தட்டையான பாக்ஸர் பெட்ரோல் இன்ஜினுக்காக வடிவமைச்சது, அதனால உயரம் கம்மி. டீசலை உள்ளே நுழைக்க, அதை 50 டிகிரி சாய்ச்சுப் படுக்க வெச்சாங்க.

இதனால ஒரு சிக்கல். மாற்று இன்ஜின் பெரும்பாலும் கோல்ஃப், பசாட் மாதிரி கார்ல இருந்து வரும். அங்க அது கிட்டத்தட்ட நிமிர்ந்து நிக்கும். அதை அப்படியே சாய்ச்சா ஆயில் தப்பான பக்கம் போய்ச் சேரும். டி3 டீசலோட ஆயில் சம்ப், ஆயிலை உறிஞ்சுற குழாய், டிப்ஸ்டிக், மவுண்டிங் எல்லாத்தையும் புது இன்ஜினுக்கு மாத்தியாகணும். அதனால புது இன்ஜின் ஓடி முடியற வரைக்கும் செத்துப்போன பழைய இன்ஜினைக் காயலான் கடைக்குப் போடாதீங்க. அதுலதான் உங்களுக்கு வேண்டிய பாதி சாமான் இருக்கு.

மூணு வழி

முதல் வழி, ஜே.எக்ஸ்.: அதே 1.6 லிட்டர், டர்போவோட, 70 குதிரை, 138 நியூட்டன் மீட்டர் டார்க். டி3-லேயே கம்பெனி பொருத்தின இன்ஜின், அதனால எல்லாமே அப்படியே உட்காரும். ஆனா சூடு ஏறினா சிலிண்டர் ஹெட்ல விரிசல் விடுறதுக்குப் பேர் போனது.

ரெண்டாவது, ஏ.ஏ.இசட்.: 1.9 லிட்டர் டர்போ டீசல், 75 குதிரை, 150 நியூட்டன் மீட்டர். 90-கள்ல கோல்ஃப்ல வந்தது. டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் வேணாம். ஹீட்டர் பிளக்குக்கும், இன்ஜினை நிறுத்துற வால்வுக்கும் கரண்ட் போனா போதும், ஓடும். எங்கயோ ஒரு கிராமத்தில் நின்னாலும், பழைய டீசல் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் போதும்.

மூணாவது, 1.9 டி.டி.ஐ.: 90 குதிரை, 202 நியூட்டன் மீட்டர். முதல் ரெண்டிலும் டீசல் ஒரு சின்ன முன்னறையில் பீய்ச்சப்பட்டு, அங்க பத்திக்கிட்டு, அப்புறம் சிலிண்டருக்கு வரும். வழியிலேயே சூடு வீணாகும். டி.டி.ஐ.-ல நேரா சிலிண்டருக்குள்ள பீய்ச்சறாங்க. அதான் மைலேஜும் இழுவையும் கூட. பதிலுக்கு நீங்க வாங்க வேண்டியது இன்ஜின் மட்டுமில்ல: கண்ட்ரோல் யூனிட், மொத்த வயரிங், சென்சார்கள், எலக்ட்ரானிக் ஆக்ஸிலரேட்டர் பெடல், சில வருஷ மாடலுக்கு சாவியோட இம்மொபிலைசரும். இதெல்லாம் ஒரே வண்டியிலிருந்து முழு செட்டா கிடைச்சா எடுங்க. துண்டு துண்டா சேர்க்கப் போனா வண்டி மாசக்கணக்கில் ஷெட்லயே நிக்கும்.

டி.டி.ஐ.-லயே 110 குதிரை, 235 நியூட்டன் மீட்டர் தர்ற ஏ.எஃப்.என். ஒண்ணு இருக்கு. ஆசை வரும். அடுத்த பகுதியைக் கேட்டுட்டு முடிவெடுங்க.

வண்டி தாங்குமா?

கியர்பாக்ஸ்: 50 குதிரை டீசலோட டார்க் 103 நியூட்டன் மீட்டர்தான். அதுக்காக அமைச்ச குட்டையான கியர்களோட 90 குதிரையை இணைச்சா, பவர் இருந்தும் இன்ஜின் ஹைவேயில் கத்திக்கிட்டேதான் ஓடும். டி.டி.ஐ. தன் முழு பவரையும் 4,000 சுற்றிலேயே குடுத்துடும், அதுக்கு நீளமான கியர் வேணும். கியர்பாக்ஸ் வேலையையும் பட்ஜெட்ல சேர்த்தே கணக்குப் போடுங்க.

கூலிங்: இன்ஜின் பின்னாடி, ரேடியேட்டர் முன்னாடி. நடுவுல வண்டியோட அடியில் நீளமா ஓடுற குழாய்கள். ரேடியேட்டர் அடைச்சிருந்தாலோ, குழாய்ல காத்து மாட்டியிருந்தாலோ, புது இன்ஜினும் பழையது செத்த அதே காரணத்தால் சாகும். பழைய இன்ஜின் ஏன் போச்சுன்னு தெரியாம புதுசை இறக்காதீங்க.

பிரேக்: வேகம் ஏறினா நிக்கவும் தெரியணும். இறக்கத்தில் 2,200 கிலோ சும்மா விடாது.

பேப்பர் வேலை

ஜெர்மனியில் இன்ஜின் மாத்தினா டியூவ் மாதிரியான பரிசோதனை அமைப்போட இன்ஜினியர் பார்த்து ஒப்புதல் தரணும், வண்டி ஆவணத்திலும் ஏத்தணும். இல்லாட்டி இன்ஷூரன்ஸ்ல சிக்கல். 2008-ல் பெர்லின் போன்ற நகரங்களில் சுற்றுச்சூழல் மண்டலங்கள் ஆரம்பிச்சாங்க. பச்சை ஸ்டிக்கர் இல்லாத பழைய டீசல் உள்ளே போக முடியாது. 90-கள் டி.டி.ஐ. போட்டதால மட்டும் அந்த ஸ்டிக்கர் கிடைச்சிடாது.

தப்பிக்க ஒரு வழி, 30 வயசு தாண்டின வண்டிக்குத் தர்ற ‘எச்’ நம்பர் பிளேட். அது இருந்தா மண்டலக் கட்டுப்பாடு இல்லை, வருஷ வரியும் ஒரே அளவு, சுமார் 191 யூரோ. நிபந்தனை என்னன்னா, வண்டி அந்தக் காலத்துத் தன்மையோட இருக்கணும். வண்டி வந்த முதல் பத்து வருஷத்துக்குள்ள செஞ்சிருக்கக்கூடிய மாற்றமான்னு பார்ப்பாங்க. 1985 வண்டிக்கு 90-களின் தொடக்க இன்ஜின்னா வாதாட இடம் உண்டு. புத்தம் புது இன்ஜினை வெச்சா ‘எச்’ பறந்துடும், அதோட ஊருக்குள்ள போற உரிமையும். அதனால காசு குடுக்குறதுக்கு முன்னாடி அந்த இன்ஜினியர்கிட்ட பேசிடுங்க.

வாங்குறப்போ

இன்ஜினை ஓடவிட்டுக் கேளுங்க. கம்ப்ரெஷன் அளக்கச் சொல்லுங்க: நாலு சிலிண்டருக்குள்ள 5 பாருக்கு மேல வித்தியாசம் இருந்தா விட்டுடுங்க. டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் இன்ஜின் வெளியே இருக்கும்போதே புதுசா மாத்துங்க. பெல்ட் அறுந்தா பிஸ்டன் வால்வை இடிக்கும், மொத்தமும் போச்சு.

என் ஓட்டு? தூரப் பயணம், சொந்தமா ஸ்பேனர் பிடிக்கிற ஆள்னா ஏ.ஏ.இசட். முழு செட்டும், வயரிங் தெரிஞ்ச ஆளும், கியர்பாக்ஸுக்குக் காசும் கையில இருந்தா டி.டி.ஐ. ‘எச்’ பிளேட்தான் முக்கியம்னா, ஜே.எக்ஸ். போட்டு கூலிங்கைக் கண்ணும் கருத்துமா பார்த்துக்கோங்க. மூணுமே மலை ஏறும். எது பழுதானா உங்களால அடுத்த ஊர் வரைக்கும் போய்ச் சேர முடியும்னு யோசிச்சு எடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!