யூரோ நோட்டில் மறைந்திருக்கும் சிவப்பு: கள்ளநோட்டுக்காரர்களுக்குத் தண்ணி காட்டும் யூரோப்பியம்!

யூரோ நோட்டு ஒன்றை யூவி லைட்டுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத மெல்லிய இழைகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று பளிச்சிடும். அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது?

2002-ல் யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்ததும், நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சூய்வர், மெய்யரிங்க் இருவரும் அந்த ஒளியின் நிறமாலையை அளந்து பார்த்தார்கள். யூரோப்பியத்தைக் கரிம மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும் ஒரு சேர்மம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர்களின் கணிப்பு. 1901-ல் பிரெஞ்சு வேதியியலாளர் டெமார்சே பிரித்தெடுத்து, ஐரோப்பாவின் பெயரையே சூட்டிய தனிமம் இது!

அப்படி என்ன ஸ்பெஷல்?

சாதாரண சாயத்தின் ஒளி, நிறமாலையில் அகலமாகப் பரவிக் கிடக்கும். யூரோப்பியத்தின் ஒளியோ மெல்லிய கோடுகளாக விழும். முக்கியமான கோடு சுமார் 612 நானோமீட்டரில். காரணம், ஒளியை உமிழும் எலெக்ட்ரான்கள் அணுவின் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. வெளிக்கூட்டு எலெக்ட்ரான்கள் அவற்றுக்குக் கவசம். அதனால் சுற்றி யார் இருந்தாலும் நிறம் பெரிதாக மாறாது.

ஆனால் ஒரு சிக்கல். யூரோப்பியத்துக்குத் தானாக ஒளியை உறிஞ்சும் திறன் மிகக் குறைவு. சுற்றியுள்ள கரிம மூலக்கூறுகள்தான் ஆன்டெனா மாதிரி புற ஊதாக் கதிரை வாங்கி, உள்ளே கைமாற்றுகின்றன. 1942-லேயே வெய்ஸ்மன் இதைக் கவனித்துச் சொல்லிவிட்டார்.

வில்லன் தண்ணீர்

படிகத்தை எக்ஸ்ரேயில் ஆராய்ந்தால் அணுக்கள் உட்கார்ந்திருக்கும் இடம் தெரியும். இந்த வகைச் சேர்மங்களில் பெரும்பாலும் மூன்று கரிம மூலக்கூறுகள், ஆளுக்கு இரண்டு ஆக்ஸிஜனால் யூரோப்பியத்தைப் பிடித்திருக்கும். ஆக, ஆறு பிடி. யூரோப்பியத்துக்கோ எட்டு, ஒன்பது பிடி வேண்டும். காலி இடத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றின் அதிர்வு ஆற்றலை உறிஞ்சிவிட, ஒளி மங்கிவிடும். பினாந்த்ரோலின் போன்ற மூலக்கூறை அங்கே உட்கார வைத்தால் தண்ணீர் வெளியேறும், வெளிச்சம் கூடும்.

ஒளியே சாட்சி

592 நானோமீட்டரில் இன்னொரு கோடு உண்டு. அதன் வலிமை சுற்றுப்புறத்தால் அதிகம் மாறாது. 612 கோடு அப்படியில்லை; அக்கம்பக்கத்து அணுக்களின் அமைப்பு சமச்சீர் இல்லாமல் போகப் போக, அது ஓங்கிவிடும். இரண்டையும் ஒப்பிட்டாலே, யூரோப்பியம் எப்படிப்பட்ட அமைப்பில் இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

கள்ளநோட்டுக்காரர் ஏதோ ஒரு சிவப்புச் சாயத்தைப் பூசி நம் கண்ணை ஏமாற்றிவிடலாம். ஆனால், நிறமாலைமானியில் வைத்தால் குட்டு உடைந்துவிடும். நிறத்தைக் காப்பியடிப்பது சுலபம். அணுவின் அக்கம்பக்கத்தைக் காப்பியடிப்பதுதான் கஷ்டம்.