நோயும் முகமும்: தொழுநோய்க்குப் பின்னான வாழ்க்கை

கடுமையான நோயுடன் வாழ்வதும், முகத்தில் வெளிப்படையாகத் தெரியும் மாற்றத்துடன் வாழ்வதும் இருவேறு நிலைகள் ஆகும். முன்னது உடலுக்குள் நடப்பது. அதை மருத்துவர் அளந்து சொல்கிறார். பின்னது மற்றவர்களின் பார்வையில் நடப்பது. அதற்கு இரத்தப் பரிசோதனை இல்லை. இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைத் தொழுநோயில் தெளிவாகக் காணலாம். நோய் ஓராண்டுக்குள் குணமாகிவிடலாம். அது முகத்தில் விட்டுச்சென்ற அடையாளமோ வாழ்நாள் முழுவதும் நிற்கலாம்.

இரண்டு நிலைகளின் வேறுபாடு

சிறுநீரகச் செயலிழப்போ இதய நோயோ உள்ள ஒருவர், அதை யாரிடம் எப்போது சொல்வது என்று பெரும்பாலும் தாமே முடிவு செய்யலாம். அவருடைய கவலை உயிர், வலி, மருத்துவச் செலவு ஆகியவற்றைச் சுற்றியது. முகத்தில் மாற்றம் உள்ளவருக்கு அந்தத் தேர்வு கிடையாது. அவர் வாய் திறப்பதற்கு முன்பே பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். அவருக்கு வலியோ உயிர் ஆபத்தோ இல்லாமல் இருக்கலாம். ஆனால் வேலை, வாடகை வீடு, திருமணம் என ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்வி எழுகிறது.

நோய் சிறிதும் இல்லாமல் தோற்றம் மட்டும் மாறுவதற்கு வெண்புள்ளி நல்ல எடுத்துக்காட்டு. தோலில் நிறமிச் செல்கள் அழிவதால் ஏற்படும் இது தொற்றாது. உயிருக்கு ஆபத்து விளைவிப்பதும் இல்லை. தொழுநோயோடு இதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது. எனினும் 'வெண்குட்டம்' என்ற பழைய பெயரே அதைத் தொழுநோயோடு சேர்த்துப் பார்க்கவைத்தது.

தொழுநோய் முகத்தைத் தாக்குவது ஏன்?

தொழுநோய்க் கிருமியை நார்வே மருத்துவர் ஆன்சன் 1873-இல் கண்டறிந்தார். இது மிக மெதுவாகப் பெருகும். அறிகுறி தோன்றச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். உடலின் குளிர்ச்சியான பகுதிகளில் இக்கிருமி நன்கு வளர்வதால் மூக்கு, காது மடல், புருவம், விரல்கள் ஆகியவை அதிகம் பாதிக்கப்படுகின்றன. சிகிச்சை தாமதமானால் புருவ முடி உதிரலாம், மூக்குத் தண்டு அமுங்கலாம், முகத் தோல் தடிக்கலாம். முக நரம்பு பாதிக்கப்பட்டால் கண் இமையை மூட முடியாமல் போகும். அதனால் பார்வையே பறிபோகும் ஆபத்தும் உண்டு.

1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சை இந்நோயின் போக்கை மாற்றியது. ரிபாம்பிசின், டாப்சோன், குளோபசிமின் ஆகியவை இதில் பயன்படுகின்றன. நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள் மருந்து உண்ண வேண்டும். சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு நீங்கிவிடுகிறது. ஆனால் குளோபசிமின் தோலைச் செம்மை கலந்த கருநிறமாக்கும். மருந்தை நிறுத்திய பின் இந்நிறம் மெல்ல மறைந்துவிடும் என்றாலும், அதுவரை 'என்ன ஆச்சு முகத்துக்கு?' என்ற கேள்விக்கு அஞ்சி மருந்தைக் கைவிடுவோரும் உண்டு. நோயைக் குணப்படுத்தும் மருந்தே முகத்தைக் காட்டிக்கொடுப்பதாக அவர்கள் உணர்கிறார்கள்.

செங்கல்பட்டு திருமணி

திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ள பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரகடம், சிங்கப்பெருமாள் கோவில் வழியாகச் செங்கல்பட்டை அடையலாம். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1955-இல் இந்திய அரசு அதை ஏற்று, மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாக்கியது.

1947-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பில் செங்கல்பட்டு மருத்துவமனையைப் பார்வையிட்டார். மடங்கிப்போன விரல்கள் கொண்ட ஒருவரிடம் தம் கையைப் பற்றிப் பிடிக்கச் சொன்னபோது, அந்தப் பிடியின் வலிமை அவரை வியக்கவைத்தது. கையின் எல்லாத் தசைகளும் செயலிழக்கவில்லை, வலுவுள்ள தசைநாண்களை இடம் மாற்றி விரல்களை நிமிர்த்தலாம் என்ற எண்ணத்துக்கு இது வழிவகுத்தது. வேலூரில் அத்தகைய அறுவை சிகிச்சைகள் நடந்தன. ஆனால் கை சரியானவர்களையும் முகம் காட்டிக்கொடுத்தது. எனவே அமுங்கிய மூக்கை உயர்த்துவதும், தலைமுடி உள்ள தோலைக் கொண்டு புருவம் அமைப்பதும் மறுவாழ்வுப் பணியில் இடம்பெற்றன. இவற்றை அழகுக்கான சிகிச்சை என்று ஒதுக்கிவிட முடியாது. கைக்கு வேலை செய்யும் திறன் திரும்பினாலும், முகத்தைப் பார்த்து வேலை மறுக்கப்பட்டால் அந்தத் திறனால் பயன் இல்லை.

சட்டத்தின் பார்வை

1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் நோயாளிகளைப் பிரித்து அடைத்துவைக்க வழிசெய்தது. கூட்டு மருந்து வந்து பல்லாண்டுகள் கழித்து, 2016-இல்தான் அது நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குப் பெறும் வழி 2019-இல் அடைக்கப்பட்டது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. தொழுநோயிலிருந்து குணமடைந்து ஊனத்துடன் வாழ்வோரும், அமில வீச்சால் முகம் சிதைந்தோரும் அதில் அடங்குவர். ஆனால் சமையலறைத் தீ விபத்திலோ பட்டாசு வெடித்தோ முகம் வெந்தவருக்கும், பிறவியிலேயே முகத்தில் பெரிய மச்சம் உள்ளவருக்கும் அப்பட்டியலில் தனி இடம் இல்லை. முகம் எப்படி மாறியது என்பதையே இச்சட்டம் கேட்கிறது. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வேறு வழியில் செல்கிறது. தோற்றத்தில் கடுமையான சிதைவு உள்ளவரையும், புற்றுநோய் கண்டறியப்பட்டவரையும் அது தனித்தனி விதிகளின் கீழ் பாதுகாக்கிறது.

வேலைவாய்ப்பிலும் இடைவெளி இருக்கிறது. நம் சட்டத்தின் 4 சதவீத இட ஒதுக்கீடு அரசுப் பணிகளுக்கே உரியது. தனியார் ஆலைகள் நிறைந்த பிள்ளைப்பாக்கம், ஒரகடம் போன்ற பகுதிகளில் வேலை தேடுபவருக்கு அது நேரடியாக உதவாது. எனினும் தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. மாற்றுத்திறனாளியான விண்ணப்பதாரர் அந்தக் கொள்கையைக் கேட்டுப் பார்க்கலாம்.

இயந்திரத்தின் முன் முகம்

வங்கிக் கணக்குத் தொடங்க, கைப்பேசிக் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டும்படி கேட்கும் முறை இப்போது பரவலாக உள்ளது. இமை மூட முடியாதவரால் இதைச் செய்ய இயலாது. அமில வீச்சுக்கு ஆளானோரும் பார்வைக் குறைபாடு உடையோரும் தொடுத்த வழக்குகளில், இணையவழிச் சேவைகளைப் பெறுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழிகள் வேண்டும் என்பதும் அதன் உத்தரவுகளில் அடங்கும். முக நரம்பு செயலிழந்த தொழுநோய்ப் பாதிப்பாளருக்கும் இதே சிக்கல் இருப்பதால், மாற்று வழி வந்தால் அவருக்கும் பயன்படும்.

அறிய வேண்டியவை

உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் உள்ளனர். தோலில் உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும், சிகிச்சை இலவசம். நரம்பு சேதமடையும் முன்பே மருந்து தொடங்கினால் முகத்திலும் கையிலும் ஊனம் ஏற்படாமல் தடுக்க முடியும்.

முகத்தில் ஏற்கெனவே மாற்றம் உள்ளவரைப் பொறுத்தவரை, அந்த அடையாளம் நோய் இப்போதும் இருப்பதற்குச் சான்று ஆகாது. மருந்தை முடித்தவரோடு சேர்ந்து உண்பதாலோ, ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்து வேலை செய்வதாலோ யாருக்கும் நோய் தொற்றாது. மருந்தால் நோயைத்தான் போக்க முடியும்; மிச்சம் இருக்கும் விலக்கலை நீக்குவது அவரை வேலைக்கு எடுப்பவர், வீடு தருபவர், பக்கத்தில் அமர்பவர் ஆகியோரின் கையில் உள்ளது.