பழுதே காணாத மின்பாதை

2012 ஜூலை 30ஆம் நாள் பின்னிரவில், மத்தியப் பிரதேசத்தின் பீனாவையும் குவாலியரையும் இணைக்கும் 400 கிலோவோல்ட் மின்பாதை துண்டிப்புற்றது. அதனைத் தொடர்ந்து டில்லி உட்பட வடமண்டலம் ஏறக்குறைய முழுவதும் இருளில் ஆழ்ந்தது. வடபுலத்தில் வாழும் நம்மவர் பலர் அவ்விரவை மறந்திருக்கமாட்டார்கள்.

ஒரு மின்பாதை எந்நாளில் பழுதுறும் என எவராலும் கூற இயலாது. ஆனால் 100 கிலோமீட்டர் நீளத்தில் ஓராண்டில் சராசரியாக எத்தனை பழுது நேரக்கூடும் என மதிப்பிடலாம். இதுவே பழுது விகிதம். பதிவுகள் மிகச் சிலவாயின் என் செய்வது?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் 3 ஆண்டுகளாகப் பழுதே இல்லை. அதன் அனுபவம் 40ஐ 3ஆல் பெருக்க வரும் 120 கிலோமீட்டர்-ஆண்டு. எனவே விகிதம் பூஜ்யம் எனலாமா? கூடாது. அதனை ஒத்த பிற பாதைகளில் 10,000 கிலோமீட்டர்-ஆண்டில் 50 பழுதுகள் நேர்ந்தன என்று கொள்வோம். விகிதம் 100க்கு 0.5. அவ்விகிதமே நம் பாதைக்கும் உரியதாயினும், 3 ஆண்டுகளில் எதிர்பார்க்கத்தக்கவை 0.6 பழுதே, ஒன்றுமே நேராதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 55. ஆகவே அதன் தூய வரலாறு வலிமைக்குச் சான்றாகாது.

இரு செய்திகளையும் இணைக்கும் வழி, தாமஸ் பேயிஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் மறைந்தபின் 1763இல் வெளியான கட்டுரையிலிருந்து வளர்ந்தது. ஒத்த பாதைகள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று நோக்கி, பொதுச் சராசரிக்கு 400 கிலோமீட்டர்-ஆண்டு எடை தருவோம். அச்சராசரிப்படி அதில் 2 பழுதுகள். நமது 120ஐக் கூட்டினால் 520இல் 2. அதாவது 100க்கு ஏறத்தாழ 0.38. பதிவுகள் பெருகப் பெருக, பாதையின் சொந்த வரலாறே மேலோங்கும்.

ஆயின், ஒத்தவற்றையே ஒன்றுசேர்த்தல் வேண்டும். குளிர்காலப் பனிமூட்டமும் புழுதியும் கங்கைச் சமவெளியில் மின்காப்பான்களின் மீது படிந்து மின்பாதைகளைத் துண்டிக்கின்றன. தக்காணத்துப் பாதைகளை அவற்றோடு சேர்த்தெண்ணின் கணக்குப் பிழைபடும்.

காப்பான்களைத் துடைக்கவும் மரக்கிளைகளை வெட்டவும் பணமும் ஆட்களும் அளவுடையவை. பூஜ்யத்தை நம்பி ஒரு பாதையைக் கைவிட்டால், அதன் முதற்பழுதே மருத்துவமனையையும் குடிநீர் நிலையத்தையும் நிறுத்திவிடலாம். பழுது நேராமையும், நேராதென்னும் உறுதியும் ஒன்றல்ல என்பதை நாம் உணர்தல் நலம்.