அமினோ அமில மாத்திரையும் அன்றாட உணவும்

சென்ற பள்ளி விடுமுறையில் பிரிக்பீல்ட்ஸ் சென்றிருந்தபோது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் என்னுடன் பயின்ற நண்பர் ஒருவரைக் கண்டேன். ஐம்பத்தைந்தைக் கடந்த இருவர் சந்தித்தால் பேச்சு உடல்நலத்திற்கே செல்லும். சில திங்களாக மாலையில் பெருஞ்சோர்வு, படியேறினால் தொடைகளில் வலுவில்லை என்று நான் கூறியதும், அவர் என்னை அருகிலிருந்த கடைக்கு அழைத்துச் சென்று அமினோ அமில மாத்திரைப் புட்டி ஒன்றைக் காட்டினார். "மூன்று மாதம் சாப்பிட்டேன், சோர்வு போன இடம் தெரியவில்லை. நீங்களும் சாப்பிட்டுப் பாருங்கள்" என்றார்.

வாங்கிவிட்டேன். ஆனால் வீடு திரும்பியதும் மூடியைத் திறக்க மனம் வரவில்லை. எதையும் ஆராய்ந்து ஏற்றுக்கொள் என்று மாணவர்க்கு ஆண்டுக்கணக்கில் கூறிவந்தவன், தன் வாயில் இடுவதை ஆராயாதிருக்கலாமா? தோட்டத்து மக்களும் இத்தகைய புட்டிகளை ஏந்தி, "ஐயா, இதைச் சாப்பிடலாமா?" என்று நம்மிடமே வருகின்றனர். ஆதலின் அந்த ஆராய்ச்சியை ஆசிரிய நண்பர்கள் முன் வைக்கின்றேன்.

அமினோ அமிலம் என்பது யாது? முதலாம் ஆண்டு வகுப்பில் நாம் பயன்படுத்தும் எழுத்து அட்டைகளை நினைவிற் கொள்க. எழுத்துகள் சேர்ந்து சொல்லாவது போல, 20 வகை அமினோ அமிலங்கள் பலவாறு கோக்கப்பட்டுப் புரதங்கள் ஆகின்றன. தசை, தோல், குருதி அனைத்திலும் உள்ளவை அவையே. இருபதில் 9 வகையை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். அவற்றை இன்றியமையா அமினோ அமிலங்கள் என்பர்.

இனி, "அம்மா" என்னும் சொல்லை ஐந்து முறை அமைக்குமாறு ஒரு மாணவனிடம் கூறுகின்றோம். அவனிடம் "அ" பத்தும் "மா" பத்தும் உள. "ம்" மூன்றுதான் உளது. மூன்று சொற்களே அமையும். மேலும் இருபது "அ" கொடுத்தாலும் நான்காவது சொல் பிறவாது. உடலிலும் இவ்வாறே. எது குறைகின்றதோ அதுவே எல்லை வகுக்கும்.

அரிசியில் குறையும் எழுத்து லைசின் என்னும் அமினோ அமிலம். பருப்பிலோ லைசின் மிகுதி. ஆனால் மெத்தியோனின் குறைவு. அது அரிசியில் போதிய அளவு உண்டு. சோறும் சாம்பாரும், அரிசியும் உளுந்தும் சேர்ந்த தோசையும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் இணைகள். வேதியியல் அறியாத நம் பாட்டிமார் அறிந்து வைத்த கூட்டு இது.

அளவையும் பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனமும் அதனுடன் இணைந்த அமைப்புகளும் 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தவர் ஒருவர்க்கு நாள்தோறும் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். என் எடை 60 கிலோ. ஆகவே 50 கிராம். முதியோர்க்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என வல்லுநர் பலர் கருதுவதால், நான் 60 கிராம் என்றே வைத்துக்கொண்டேன். நான் ஒரு நாளில் உண்ணும் அரிசி 300 கிராம். அதில் புரதம் ஏறத்தாழ 20 கிராம். பருப்பு 75 கிராமில் 16, முட்டை ஒன்றில் 6, மீன் 100 கிராமில் 20. கூட்டினால் 62. மீன் உண்ணாதார் அவ்விடத்தில் தெம்பே வைத்துக்கொள்ளலாம். புரதம் ஏறத்தாழ அவ்வளவே.

புட்டியில் உள்ளது என்ன? மாத்திரை ஒன்றுக்கு 500 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு. ஆக 1 கிராம். ஒரு முட்டையின் புரதத்தை ஈடுசெய்ய 12 மாத்திரைகள் வேண்டும்! விலையைக் கணக்கிட்டபோது என் மனைவி சிரித்தார்.

ஆயினும் நண்பர் குணமடைந்தாரே என்று கேட்கலாம். இதற்கு விடை நம் கோலாலம்பூரிலேயே உண்டு. நூறாண்டுகட்கு முன் இந்நாட்டில் பெரிபெரி நோயால் மாண்டவர் பலர். 1905-06இல் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை ஒன்று, இரண்டு என எண்ணி இரு பகுதியாக்கினார். ஒரு பகுதியினர்க்குத் தீட்டிய சயாம் பச்சரிசி. மறு பகுதியினர்க்கு இந்தியப் புழுங்கலரிசி. இடமே நோய்க்குக் காரணமோ என ஐயுற்று, இடையில் இரு பகுதியினரின் அறைகளையும் மாற்றிப் பார்த்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் அந்நோயால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோரில் ஒருவரும் அதனால் இறக்கவில்லை. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் அரிது என்பதை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவரும் எடுத்துக் காட்டினார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியடியிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகின்றது என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இதில் இரு பாடங்கள் உள. ஒன்று, ஒப்பிட மறு பகுதி இல்லாமல் ஒன்றின் பயனைத் துணிய இயலாது. என் நண்பர் அதே மூன்று மாதத்தில் காலை நடையும் தொடங்கியிருந்தார். குணம் தந்தது மாத்திரையா, நடையா? மற்றொன்று, அங்கே மெய்யான குறை ஒன்று இருந்தது. அக்குறையை நிரப்பியதால்தான் உயிர் பிழைத்தனர். குறை இல்லாத இடத்தில் நிரப்ப ஒன்றுமில்லை.

மிகுதியாயின் கேடில்லையா? உடல் அமினோ அமிலங்களைச் சேமித்து வைப்பதில்லை. மிஞ்சியதன் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரகத்தின் வழியே வெளியேறவேண்டும். நலமான சிறுநீரகம் இதைத் தாங்கும். ஆனால் சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்தவர் தாமாகவே புரதத்தைக் கூட்டிக்கொள்வது தீங்காகலாம். நம்மவரிடையே சர்க்கரை நோய் மிகுதி என்பதை மறத்தலாகாது. தூய்மையும் கருதற்குரியது. 1989இல் அமெரிக்காவில் டிரிப்டோபன் என்னும் அமினோ அமில மாத்திரை உண்ட 1,500க்கும் மேற்பட்டோர் கடுந்தசைவலி நோயுற்றனர். 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஜப்பானிய ஆலை ஒன்றின் சரக்கோடு அந்நோய் தொடர்புற்றிருந்தது கண்டறியப்பட்டது.

அங்ஙனமாயின் இவை எவர்க்கும் வேண்டாவோ எனின், அன்று. பிறவியிலேயே சில அமினோ அமிலங்களைச் செரிக்கவியலாக் குழந்தைகள், உண்ணவியலாது மருத்துவமனையிற் கிடப்போர் ஆகியோர்க்கு மருத்துவர் மேற்பார்வையில் இவை உயிர்காக்கும். தனித்து வாழ்ந்து, இரசமும் ஊறுகாயுமே துணையாக உண்ணும் தோட்டத்து முதியோர்க்கும் குறை மெய்யே. ஆனால் அவர்க்கு முதலில் வேண்டுவது முட்டையும் பருப்பும். வாங்கியே தீரவேண்டுமெனின், பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பதிவெண் புட்டியில் உளதா என நோக்குக. எம்.ஏ.எல். என்னும் எழுத்துகளோடு தொடங்கும் எண் அது. அவ்வெண் பதிவைக் காட்டுமேயன்றி, அது உமக்குத் தேவை என்று காட்டாது.

நான் என் செய்தேன்? புட்டியை எடுத்துக்கொண்டு கிள்ளானில் ஒரு மருத்துவரிடம் சென்றேன். குருதியையும் சிறுநீரையும் சோதித்தவர், "சோர்வுக்குக் காரணம் சர்க்கரை, ஐயா" என்றார். சிறுநீரகத்திற்கு இன்னும் கேடில்லை. காலத்தில் வந்தீர்கள் என்றும் கூறினார். மாத்திரையை விழுங்கி மூன்று மாதம் காத்திருந்தால் அந்த மூன்று மாதமும் நோய் மறைவில் வளர்ந்திருக்கும். இப்போது மருந்தும் நடையும் அளவான சோறும் என் வழக்கம். மாலைச் சோர்வு குறைந்துள்ளது. திறவாத புட்டி பள்ளி அலமாரியில் இருக்கின்றது. ஆறாம் ஆண்டு மாணவர்க்கு, முட்டை ஒன்றுக்கு எத்தனை மாத்திரை என்னும் கணக்குக்கு அது பயன்படுகின்றது.