புதிய வேட்டைத் துப்பாக்கிக் குழலைப் பழக்குதல்

புதிய வேட்டைத் துப்பாக்கிக் குழலைப் பழக்குதல் என்பது, புதிதாக வாங்கிய ரைஃபிளில் முதல் சில தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் சுட்டு, ஒவ்வொரு முறையும் குழலின் உட்புறத்தை முழுமையாகச் சுத்தம் செய்யும் நடைமுறையாகும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது பிரேக்-இன் எனப்படுகிறது. குறிப்பாக அமெரிக்காவில், இலையுதிர்கால மான் வேட்டைப் பருவத்துக்கு முன்பு புதுத் துப்பாக்கி வாங்குவோரிடையே இது பரவலான வழக்கம். இது தேவையா, வீண் வேலையா என்பதில் குழல் செய்வோரே ஒத்த கருத்துடையவர்கள் அல்லர்.

புதிய இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குவதைப் போன்றது என்று இதை எண்ணிக்கொள்வதுண்டு. ஆனால் வேலை அதற்கு நேர் எதிரானது. தோசைக்கல்லில் எண்ணெய்ப் படலம் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிய வேண்டும். துப்பாக்கிக் குழலிலோ எதுவும் படியவிடாமல் பார்த்துக்கொள்வதே நோக்கம்.

குழலின் உட்புறம்

ரைஃபிள் குழலின் உட்சுவரில் திருகுபோல் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் இருக்கும். அவற்றுக்கு இடையில் உள்ள மேடுகள் குண்டைக் கவ்விச் சுழலவைக்கின்றன. 1906இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்டு, இன்றும் வேட்டையில் பெரிதும் பயன்படும் .30-06 தோட்டாவை எடுத்துக்கொண்டால், குண்டு வினாடிக்குச் சுமார் 850 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறுகிறது. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற புரி அளவில், அது நிமிடத்துக்குச் சுமார் 2 லட்சம் சுற்று என்ற வீதத்தில் சுழலும். குழலுக்குள் எழும் அழுத்தத்தின் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. இத்தகைய நிலையில் உட்சுவரின் சிறு சொரசொரப்பும் குண்டின் மேலுறையைச் சுரண்டிவிடும்.

இந்தப் பள்ளங்களை உண்டாக்கப் பல முறைகள் உண்டு. ஒற்றைக் கொக்கி உளியைத் திரும்பத் திரும்ப இழுத்து, மிக மெல்லிய சீவல்களாக எஃகைச் செதுக்கி எடுப்பது பழைய முறை. டங்ஸ்டன் கார்பைடால் ஆன குமிழ் ஒன்றைக் குழலுக்குள் அழுத்தி இழுத்துப் பள்ளத்தைப் பதிப்பது இன்னொன்று. மூன்றாவது முறையில், பள்ளங்களின் மறுவடிவம் கொண்ட கடினமான தண்டு ஒன்றைக் குழலுக்குள் செருகி, வெளியிலிருந்து இயந்திரச் சுத்தியல்களால் அடித்து இறுக்குகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் வளர்ந்த இந்த முறையில்தான் பெரிய தொழிற்சாலைகள் பலவும் வேட்டைத் துப்பாக்கிக் குழல்களைச் செய்கின்றன.

விலை உயர்ந்த குழல்களுக்கு ஒரு வேலை கூடுதலாக நடக்கும். ஈயத்தை உருக்கிக் குழலுக்குள்ளேயே வார்த்து, அந்த ஈயக்கட்டியில் எண்ணெயும் நுண்ணிய தேய்ப்புப் பொடியும் தடவி, கையால் முன்னும் பின்னும் பலமுறை இழுப்பார்கள். இதனால் உட்சுவரில் மிஞ்சும் நுண்கீறல்கள் குண்டு செல்லும் திசையிலேயே அமைகின்றன. சாதாரண விலைத் துப்பாக்கிகளில் இந்த மெருகேற்றம் பெரும்பாலும் இருக்காது.

சிக்கல் தொண்டையில்

குழல் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், அதன் பின்முனையில் தோட்டா அமரும் அறையைக் கடைசியாகத்தான் குடைவார்கள். ரீமர் எனும் சுழலும் வெட்டுக்கருவி இதற்குப் பயன்படுகிறது. அறை முடிந்து புரிகள் தொடங்கும் இடத்துக்குத் தொண்டை என்று பெயர். ரீமர் சுழன்று வெட்டுவதால் தொண்டையில் விழும் கீறல்கள் குண்டின் பாதைக்குக் குறுக்காக அமைகின்றன. மெருகேற்றிய ஈயக்கட்டி இந்த இடத்தைத் தொடுவதில்லை, ஏனெனில் அந்த வேலை நடந்தபோது இந்தப் பரப்பே உருவாகியிருக்கவில்லை.

பழக்குதலை ஆதரிப்போரின் விளக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. விஸ்கான்சினைச் சேர்ந்த கிரீகர் நிறுவனம் இதைத் தெளிவாக முன்வைக்கிறது. குறுக்குக் கீறல்கள் அரம்போலக் குண்டின் செப்பு உறையைச் சுரண்டுகின்றன. சுரண்டப்பட்ட செப்பு, எரியும் வெடிமருந்தின் வெப்பத்தில் ஆவியாகி, வாயுவோடு சென்று குழலின் முன்பகுதியில் படிகிறது. அடுத்த குண்டு அந்தப் படிவின் மேல் செல்லும்போது செப்பின்மேல் செப்பு ஒட்டி, படிவு மேலும் தடிக்கிறது. ஒவ்வொரு குண்டும் தொண்டையின் கீறல்களைச் சிறிது சிறிதாகத் தேய்த்து மழுங்கச் செய்யும். ஆனால் அதுவரை இறங்கும் செப்பை உடனுக்குடன் அகற்றாவிட்டால், முன்பகுதி அழுக்கேறிக் குறி பிசகும். ஆகவே பழக்கப்படுவது முழுக் குழல் அன்று, பெரும்பாலும் அதன் தொண்டை மட்டுமே.

குண்டின் மேலுறை பொதுவாக 95 விழுக்காடு செப்பும் 5 விழுக்காடு துத்தநாகமும் கலந்த உலோகத்தால் ஆனது. முன்பு செப்பும் நிக்கலும் கலந்த உறைகள் வழக்கில் இருந்தன. அவை குழலில் கட்டிகட்டியாகப் படிந்ததால், கடுமையான அம்மோனியாக் கரைசலை ஊற்றி அகற்ற வேண்டியிருந்தது. இன்றைய வேட்டைக்காரரின் தொல்லை அதோடு ஒப்பிட்டால் சிறியதுதான். எனினும் ஈயமே இல்லாமல் முழுக்கச் செப்பாலான குண்டுகள் வந்தபின் படிவுத் தொல்லை மீண்டும் பேசப்பட்டது. அவற்றின் உடலில் வளையப் பள்ளங்களை வெட்டி, குழலோடு உரசும் பரப்பைக் குறைத்த பிறகு அது தணிந்தது.

செய்முறை

முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி, குழலின் ஊடே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். துணித்துண்டோ பொதிப்பொருளோ உள்ளே அடைத்திருந்தால், சுடும்போது குழல் வெடித்துவிடக்கூடும். தொழிற்சாலையில் துருவுக்கு எதிராகப் பூசிய எண்ணெயையும் துடைத்தெடுக்க வேண்டும். தோட்டா அறையில் எண்ணெய் தங்கினால் வெற்றுத் தோட்டாக்கூடு சுவரைப் பற்றாமல் வழுக்கும். அப்போது சுடும் விசை முழுவதும் போல்ட்டின் மேல் விழும்.

பிறகு ஒரு தோட்டாவைச் சுட்டு, குழலை வெற்று எஃகு தெரியும்வரை சுத்தம் செய்வார்கள். இது 5 முதல் 10 முறை வரை தொடரும். அடுத்து மூன்று தோட்டாக்களுக்கு ஒரு முறை, பிறகு ஐந்துக்கு ஒரு முறை எனச் சுத்தம் செய்யும் இடைவெளி நீளும். மொத்தம் 20 முதல் 30 தோட்டாக்கள் செலவாகும். ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமானது, துணியில் வரும் நிறம். அம்மோனியா கலந்த கரைப்பான் செப்பைக் கரைக்கும்போது நீலமாக மாறும். முதல் சில முறை துணி அடர்நீலமாக வரும். நீலம் சட்டென்று குறைந்துவிட்டால் தொண்டை மழுங்கிவிட்டது என்று பொருள், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். துருப்பிடிக்காத எஃகுக் குழல்கள் விரைவில் இந்நிலையை அடைகின்றன. குரோமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழல்களுக்குக் கூடுதல் தோட்டாக்கள் தேவைப்படும்.

இங்கே பலர் ஏமாறுவதுண்டு. துணியைத் தாங்கும் கோலின் முனை பித்தளையாக இருந்தால், கரைப்பான் அந்தப் பித்தளையிலுள்ள செப்பையே கரைத்து நீலம் காட்டும். குழல் சுத்தமான பின்னும் ஒருவர் மணிக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பார். நிக்கல் பூசிய முனையோ நைலான் முனையோ இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை.

ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்யும் நேரத்தில் குழல் ஆறிவிடும் என்பது ஒரு கூடுதல் நன்மை. வேட்டைத் துப்பாக்கியின் குழல் தூக்கிச் செல்ல எளிதாக மெல்லியதாக இருப்பதால் விரைவில் சூடேறும். இந்த முதல் தோட்டாக்களைத் தொலைநோக்கியைத் தோராயமாகக் குறிக்குக் கொண்டுவரப் பயன்படுத்திக்கொள்ளலாம். இறுதியான குறிசெய்தலைப் பின்னால் வைத்துக்கொள்வதே நல்லது.

துப்புரவால் வரும் கேடு

பழக்கும் முயற்சியில் கெட்டுப்போன குழல்கள், பழக்காததால் கெட்டுப்போனவற்றைவிடக் குறைவல்ல என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு இதில் தவறுகள் நடக்கின்றன. குழல் வாயின் விளிம்புதான் குண்டு கடைசியாகத் தொடும் இடம். அதன் ஒரு பக்கம் தேய்ந்தால், வெளியேறும் வாயு குண்டைச் சமமற்றுத் தள்ளிக் குறியைக் கெடுக்கும். ஆகவே கோலைப் பின்முனையிலிருந்தே, வழிகாட்டிக் குழாய் ஒன்றின் ஊடே செலுத்த வேண்டும். வின்செஸ்டர் 1894 போன்ற நெம்புகோல் துப்பாக்கிகளில் பின்பக்கமாகக் கோலை நுழைக்க முடியாது. அவற்றுக்குக் குழலின் ஊடே இழுக்கும் கயிறு ஏற்றது. பகுதிபகுதியாகத் திருகி இணைக்கும் கோல்கள் வளைந்து உட்சுவரை உரசும் என்பதால் ஒரே துண்டாலான கோலே சிறந்தது. அம்மோனியா வலுவாக உள்ள கரைப்பானைக் குழலில் நெடுநேரம் ஊறவிடுவதும் தவறு. சுடும்போது காதுக்கும் கண்ணுக்கும் காப்பு வேண்டும். கரைப்பானைக் காற்றோட்டமான இடத்தில் கையாண்டு, வேலை முடிந்ததும் கைகளை நன்கு கழுவ வேண்டும்.

மறுப்போரின் வாதம்

அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலில் பெயர்பெற்ற கேல் மெக்மில்லன் இந்த வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். ஒவ்வொரு குழலுக்கும் ஓர் ஆயுள் உண்டு, பழக்குவதற்காகச் சுடும் தோட்டாக்கள் அந்த ஆயுளைக் குறைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்பது அவரது நிலை. டெக்சாஸின் ஷைலன் நிறுவனமோ, வாடிக்கையாளர்கள் கேட்பதால்தான் தாங்கள் ஒரு செய்முறை வைத்திருப்பதாகவும், அதைப் பெரிய விஷயமாகக் கருதவில்லை என்றும் வெளிப்படையாகவே கூறியுள்ளது.

இந்தச் சர்ச்சை தீராததற்குக் காரணம் எளியது. ஒரே குழலைப் பழக்கியும் பழக்காமலும் சோதிக்க முடியாது. இரண்டு குழல்களை எடுத்தால், ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் செய்தவையானாலும் அவற்றின் குறித்திறன் வேறுபடும். நம்பத்தக்க விடை வேண்டுமானால் ஏராளமான குழல்களை ஒப்பிட வேண்டும், அதற்கான செலவை ஏற்பவர் அரிது. பழக்கிய பின் தன் துப்பாக்கி நன்றாகச் சுடுகிறது என்று சொல்பவர், பழக்காவிட்டால் எப்படிச் சுட்டிருக்கும் என்பதை அறிய வழியில்லை.

ஆயினும் ஆயுள் குறைகிறது என்ற வாதம் வேட்டைத் துப்பாக்கிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. .308 வகைக் குழல் பல ஆயிரம் தோட்டாக்களைத் தாங்கும். ஆண்டுக்கு 20 அல்லது 30 தோட்டாக்கள் மட்டும் சுடும் மான் வேட்டைக்காரர் அந்த எல்லையைத் தொடவே மாட்டார். வெடிமருந்து மிகுந்த மேக்னம் வகைகளில்தான் தொண்டை ஓரிரு ஆயிரம் தோட்டாக்களிலேயே அரிக்கப்படுகிறது.

வேட்டையில் இதன் பங்கு

வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. அகலம் கொண்டது. நோர்வேயில் பெருவிலங்கு வேட்டைக்கான ஆண்டுத் தேர்வில் 100 மீட்டர் தொலைவில் 30 செ.மீ. வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளையும் செலுத்த வேண்டும். தேர்வுக்கு முன் 30 பயிற்சிச் சுடுதல்களும் கட்டாயம். இந்த அளவுகளோடு பார்த்தால், பழக்குவதால் குண்டுகளின் பரவல் கால் அங்குலம் குறைந்தாலும் வேட்டையில் அது பெரிதாகத் தெரியாது.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. பளிச்சென்று துடைத்து எண்ணெய் பூசிய குழலிலிருந்து செல்லும் முதல் குண்டு, அடுத்தடுத்த குண்டுகள் விழும் இடத்தில் விழாமல் விலகக்கூடும். காட்டில் விலங்கை நோக்கிச் சுடப்படுவது பெரும்பாலும் அந்த முதல் குண்டுதான். அது விலகினால் விலங்கு காயத்தோடு ஓடி, எங்கோ மெல்ல மெல்லச் சாகும். இதனால் அனுபவமுள்ளவர்கள் பழக்குதல் முடிந்ததும் இரண்டு மூன்று தோட்டாக்களைச் சுட்டுக் குழலில் லேசான படிவு ஏற்படுத்தி, அதன் பின்னரே தொலைநோக்கியை இறுதியாகச் சரிசெய்கிறார்கள். குளிர்ந்த குழலிலிருந்து ஒரே ஒரு குண்டை வெவ்வேறு நாட்களில் சுட்டு, அது எங்கே விழுகிறது என்று குறித்தும் வைக்கிறார்கள். வேட்டைப் பருவம் முடியும்வரை அந்தக் குழலை மீண்டும் முழுமையாகத் துடைப்பதில்லை. மழையில் நனைந்தால் மட்டும் உலர்த்துவார்கள்.

முதல் 100, 200 தோட்டாக்களுக்குள் குண்டின் வேகம் சற்றுக் கூடுவதையும் பல சுடுநர்கள் கண்டிருக்கிறார்கள். நெடுந்தொலைவுக்குச் சுடுவோர் அதன் பிறகே தங்கள் வேகக் கணக்கை முடிவுசெய்கின்றனர்.

பொருந்தாத குழல்கள்

உட்புறம் கடின குரோமியம் பூசிய இராணுவ வகைக் குழல்களில் பூச்சு எளிதில் தேயாது என்பதால் பழக்குதலால் பயன் மிகக் குறைவு. .22 விளிம்படித் தோட்டாவில் பெரும்பாலும் செப்புறை இல்லாத ஈயக்குண்டே இருப்பதால் செப்புப் படிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்துள்ள இந்தியாவில் ரைஃபிள் சுடுதல் போட்டி விளையாட்டாகவே வளர்ந்துள்ளது. ஒலிம்பிக் 50 மீட்டர் பிரிவில் பயன்படுவதும் இந்த .22 ஈயக்குண்டுதான். அங்கு புதிய குழலைப் பழக்குவதைவிட, பல தொகுதித் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து அந்தக் குழலுக்கு ஏற்ற தொகுதியைத் தேர்ந்தெடுப்பதற்கே வீரர்கள் நேரம் ஒதுக்குகின்றனர்.