வழங்கி கூறும் விடைகள்

மேசைக் கணினியிலுள்ள செய்திச் செயலியின்வழி காணொளி வகுப்பில் சேர முயல்கிறோம். திரையில் ‘இணைப்பு இல்லை’ என்று மட்டும் தோன்றுகிறது. இணையத்தைக் குறைகூறிவிட்டு எழுந்துவிடுகிறோம். ஆயினும், பெரும்பாலான வேளைகளில் காணொளி வழங்கி தெளிவான விடையொன்றைச் சொல்லியே இருக்கும். அவ்விடையைப் படிக்கக் கற்றால் பழுது எங்கே உள்ளது என்பதை நாமே அறியலாம்.

செயலியும் வழங்கியும் வெவ்வேறு குழுவினர் ஆக்கியவை. அவை உரையாடப் பொதுமொழி ஒன்று வேண்டும். அத்தகைய மொழிகளுள் ஒன்றே ‘சிப்’ எனப்படும் அமர்வுத் தொடக்க நெறிமுறை. இணையப் பொறியியல் பணிக்குழு 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட வடிவமே இன்றும் அதன் அடிப்படை. லின்போன் போன்ற செயலிகளும் ஃப்ரீஸ்விட்ச் போன்ற வழங்கிகளும் இம்மொழியைப் பேசுகின்றன. செயலி அழைப்பு விடுக்கும். வழங்கி மூன்று இலக்க எண்ணால் விடையளிக்கும்.

நன்னூல் விடையை எட்டாக வகுக்கிறது. சிப் நெறிமுறையோ எண்ணின் முதல் இலக்கத்தைக் கொண்டு ஆறாக வகுக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் எண்கள் மனத்தில் எளிதில் பதியும். 200 என்பது உடன்பாடு. அது நேர் விடை. 603 என்பது மறுப்பு. அது மறை விடை. 302, ‘அவர் இப்போது இம்முகவரியில் உள்ளார்’ எனக் காட்டுவது. சுட்டு விடைக்கு நிகர். 401, ‘நீர் யார்?’ எனத் திருப்பிக் கேட்பது. இது வினா எதிர் வினாதல். 486, ‘வேறு அழைப்பில் உள்ளார்’ என நிலைமையைச் சொல்வது. இதனை உற்றது உரைத்தலோடு ஒப்பிடலாம்.

வழங்கியை அமைப்பவருக்கு இவ்வெண்களே வழிகாட்டி. 404 வந்தால், அழைத்த பெயர் அவ்வழங்கியில் இல்லை. முகவரியைச் சரிபார்க்க வேண்டும். 401 மீண்டும் மீண்டும் வந்தால், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நோக்க வேண்டும். 488 வந்தால், பெரும்பாலும் இருபுறமும் ஏற்கும் குறிமுறை இல்லை என்பது பொருள், எச்.264 போன்ற பொதுக் குறிமுறை ஒன்றைச் செயலியிலும் வழங்கியிலும் இயக்க வேண்டும். விடையே வராவிடில், ‘போர்ட்’ எனப்படும் வாயில்களுள் 5060ஐயோ, மறையாக்கத்திற்குரிய 5061ஐயோ தீச்சுவர் அடைத்திருக்கக்கூடும்.

200 கிடைத்தும் முகமும் குரலும் வாராமல் போவதுண்டு. அழைப்புச் செய்தி ஒரு வழியிலும், ஒலியும் படமும் வேறொரு வழியிலும் செல்வதே இதற்குக் காரணம். உடன்பாடு முடிந்துவிட்டது, பாதைதான் அடைபட்டுள்ளது. ஒலிக்கும் படத்திற்கும் உரிய வாயில்களைத் திறக்க வேண்டும். இயலாதபோது ‘டர்ன்’ எனப்படும் இடைமாற்று வழங்கியை அமைக்க வேண்டும்.

மொழி கற்பிக்கும் நமக்கு இதில் ஒரு நற்செய்தியும் உண்டு. எண் கணினிக்குரியது, அதனோடு வரும் சொற்றொடர் மனிதருக்குரியது. எண்ணை மாற்றலாகாது. சொற்றொடரை அழைப்பவரின் மொழியில் அனுப்பலாம் என்று நெறிமுறையே இசைவளிக்கிறது. எழுத்துக் குறியேற்றம் யூ.டி.எஃப்-8 ஆதலால் தமிழுக்குத் தடையில்லை. செயலி அச்சொற்றொடரைத் திரையில் காட்டுமாயின், ‘நாட் அக்செப்டபிள் ஹியர்’ என்பதற்கு மாற்றாக ‘பொதுக் குறிமுறை இல்லை’ என்று நம் மாணவர் படிப்பர்.

404ஐக் ‘காணப்படவில்லை’ என்பதா, ‘அப்பெயரில் இங்கு எவரும் இல்லை’ என்பதா? முன்னது சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. பின்னது நிலைமையை உரைப்பது. இத்தகைய சொற்றொடர்களை ஆசிரியரும் மாணவரும் வகுப்பில் கூடி ஆக்கி, பள்ளி வழங்கியைப் பராமரிப்பவரிடம் அளிக்கலாம். பழுதுக்குச் சரியான பெயர் சொல்லத் தெரிந்த மாணவர், ‘இணையம் சரியில்லை’ என்ற அளவில் நின்றுவிடமாட்டார். எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் தம் மொழியிலேயே சொல்வார்.